ஒப்பிட எடுத்த ரத்தம்

பிப்ரவரி 9

சின்னவனுக்கு,

ஐந்து வருடம் கழித்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் யாருக்கோ என்னவோ என்று பதறாதே. எல்லோரும் இருக்கிறோம். உன் மாமா ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார். வீட்டில் இருக்கிறார் என்பதைத் தவிர அவரைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. நான் இன்னும் எடை அளவு ஆய்வாளராகத்தான் இருக்கிறேன், கடை கடையாக ஏறித் தராசைச் சோதித்துக்கொண்டு. வேலையில் இன்னும் பதினான்கு மாதம் பாக்கி இருக்கிறது.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். நாம் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் குரல் ஏறிவிடும், யாராவது ஒருவர் வைத்துவிடுவோம். தவிர, எனக்கு இது எழுத்தில் வேண்டும், தேதியோடு வேண்டும். முப்பது வருட உத்தியோகம் தந்த புத்தி அது.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன மாதம் பார்த்ததில் சிறுநீரில் புரதம் போகிறது என்று சொல்லிவிட்டார்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டியது எண்பத்து நான்கு. சிறுநீரக டாக்டரம்மா ஒரு மாத்திரை கொடுத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்க்கச் சொன்னார். இது எங்கே போய் நிற்கும் என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். அப்பாவின் கடைசி வருடத்தில் இந்தப் "பார்க்கலாம்" நிறையக் கேட்டாயிற்று.

அப்பா விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், எழுதாமல் மேலே போக முடியவில்லை. அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளை உன் ஆஸ்பத்திரியிலிருந்து நீதான் கொண்டுவருவாய். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று காட்டும் எண் அதில் நாலு புள்ளி இரண்டு என்று இருந்தது. என்னிடம் ஒன்று புள்ளி எட்டு என்று படித்தாய். நானும் நம்பி, வாராவாரம் வந்து என் கையால் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன். சிறுநீரகம் போனவர்களுக்கு அது ஆகவே ஆகாது என்று உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ரகசியம் உடைந்துவிடக் கூடாதே என்று அவரும் வாங்கித் தின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், அப்பனும் பிள்ளையும் சேர்ந்து. சோற்றைப் பிசைந்து ஊட்டியவள் நான்.

நீ இப்போதும் சர்க்கரைக்காரர்களின் சிறுநீரகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாய் என்று கேள்விப்பட்டேன். என் நிலைமை என்னவென்று பார்த்து, கூட்டாமல் குறைக்காமல் உன்னால் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எழுது. முடியாது என்றால் அதையும் எழுது, நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உறை மேல் இருந்த கையெழுத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். காலையில் வந்த கடிதம் மாலை வரை என் சட்டைப்பையிலேயே இருந்தது. கடைசியில் இவள்தான், "பிரிங்க, கடுதாசிதானே, உள்ள பாம்பா இருக்கு?" என்றாள். உள்ளே திட்டுதான் இருந்தது. ஆனாலும் நீ எழுதினாய் என்ற சந்தோஷத்தில் இரண்டு முறை படித்தேன்.

அப்பா விஷயத்தில் நீ எழுதியது அத்தனையும் உண்மை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவர்தான் என்னிடம் சத்தியம் வாங்கினார், வேலையை விட்டுவிட்டு வந்து நின்றுவிடுவாய் என்று. அது காரணமே தவிர நியாயம் இல்லை. நீ கிளம்பிய பிறகு சீப்பில் மிச்சம் இருந்த பழத்தையெல்லாம் எடுத்துப்போய் யாருக்காவது கொடுத்துவிடுவேன். முதல் பழத்தைத் தடுக்கத்தான் துணிச்சல் வரவில்லை. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: முடியும். கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். இதையே எழுத்தாக வைத்துக்கொள்.

எங்கள் ஆய்வகத்தில் பார்ப்பது ரத்தத் தட்டணுக்களை. காய்ச்சல் வந்தால் குறைந்துவிட்டது என்று எல்லோரும் பதறுவார்களே, அந்த பிளேட்லெட்தான். எங்காவது வெட்டுப்பட்டால் ஓடிப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைப்பது அவற்றின் வேலை. மற்ற நேரத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்க வேண்டும். சர்க்கரை கூடின ரத்தத்தில் அவற்றுக்குச் சும்மா இருக்க முடிவதில்லை. தொட்டதற்கெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, காயமே இல்லாத இடத்தில் கூட்டம் சேர்கின்றன. சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டுவது மயிரிழையைவிட மெல்லிய குழாய்ச் சுருள்கள். அங்கே போய் ஒட்டி, தமக்குள் வைத்திருக்கும் சரக்கையெல்லாம் கொட்டுகின்றன. சுருளின் சுவர் புண்ணாகிறது. சுவர் கெட்டால் புரதம் ஒழுகுகிறது. நோய்க்கு இது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிற வேலையை இது செய்கிறது என்பார் எங்கள் பெரிய டாக்டர்.

சோதனை எளிதுதான். ரத்தத்திலிருந்து தட்டணு மிதக்கும் மஞ்சள் நீரைப் பிரித்து ஒரு சின்னக் குழாயில் விட்டு, அதில் ஒளியைப் பாய்ச்சி, ஒரு சொட்டு மருந்து விடுவோம். தட்டணுக்கள் திரண்டால் கலங்கல் தெளியும், காகிதத்தில் கோடு மேலே ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ஒட்டும் குணம் என்று அர்த்தம். அந்தச் சொட்டு மருந்தின் வீரியம் நாளுக்கு நாள் கொஞ்சம் மாறும். அதனால் ஆரோக்கியமான ஒருவரின் ரத்தத்தையும் அன்றைக்கே பக்கத்தில் வைத்து ஓட்டி, இரண்டு கோட்டையும் ஒப்பிடுவோம்.

எடுத்த ரத்தத்தை மூன்று மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். குலுக்கக் கூடாது, குளிரில் வைக்கவும் கூடாது. தபாலில் அனுப்புகிற சமாச்சாரம் இல்லை. நீதான் வர வேண்டும், வெறும் வயிற்றோடு. பத்து நாளுக்கு வலி மாத்திரை எதுவும் போடாதே.

உன் தம்பி


பிப்ரவரி 26

சின்னவனுக்கு,

தட்டணுவைப் பற்றி நீ எழுதியதை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். வேலை இல்லாதபோது அவை சும்மா மிதக்க வேண்டும் என்ற இடம் வந்ததும், "சும்மா இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு என்னைக் கேளு, பாவம் அதுங்க" என்றார். இப்போதெல்லாம் அவர் காலையில் என் அலமாரியை அடுக்குகிறார். மாலையில் நான் அதைத் தேடுகிறேன்.

மார்ச் 14 காலை முதல் ரயிலில் வருகிறேன். முழங்கால் மாத்திரையை நிறுத்திவிட்டேன், படியேறும்போது உன்னை நினைத்துக்கொள்கிறேன். மதியம் ஒரு மணி ரயிலில் திரும்பிவிடுவேன். வீட்டுக்கு வருவதாக இல்லை. கோபம் போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். உன் வீட்டுக்காரியிடம் தப்பாக நினைக்க வேண்டாம் என்று சொல். தப்பாக நினைத்தாலும் சரிதான்.

அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஊசி குத்தும்போது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நீ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய், கடைக்காரன் தராசுக்கு அடியில் காந்தம் வைத்திருக்கிறானா என்று பார்க்கிற மாதிரி. பட்டையை இறுக்கக் கூடாது என்பதால் நரம்பு தேட நேரமாகிவிட்டது. முதல் குழாயை நான் குப்பையில் போட்டதும் உனக்குச் சந்தேகம் வந்தது எனக்குத் தெரியும். ஊசி நுழையும் இடத்தில் தட்டணுக்கள் மிரண்டிருக்கும், அதனால் முதலில் வருவதை எடுக்க மாட்டோம்.

முடிவு நல்ல முடிவு. உன் கோடு நூற்றுக்கு அறுபத்தொன்பது ஏறியது. அன்று ஒப்பிட எடுத்த ஆரோக்கியமான ரத்தம் எழுபத்தொன்று. இரண்டு கோடும் காகிதத்தில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். உன் தட்டணுக்கள் சும்மாதான் மிதக்கின்றன என்று மாமாவிடம் சொல். அவசரப்பட்டுக் கவலைப்பட ஒன்றும் இல்லை.

இவளுக்குத்தான் வருத்தம். ஆஸ்பத்திரிக் கேன்டீனில் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு நீ ரயிலேறினாய், இங்கே மூன்று பேருக்குச் சமைத்து வைத்திருந்தாள். அண்ணிக்கு என் மேல் என்ன கோபம் என்று கேட்டாள். உன் மேல் இல்லை என்றேன். அப்படியானால் சாப்பிட்டிருக்கலாமே என்றாள். 

உன் தம்பி


ஏப்ரல் 2

சின்னவனுக்கு,

நீ அனுப்பிய தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். தினமும் புடவை எடுக்கும்போது அந்த இரண்டு கோட்டையும் பார்க்கிறேன். மனசு லேசாகிவிட்டது. ஐந்து வருடத்தில் முதல் தடவையாக உன் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன், அதுவே எனக்கு அதிசயமாக இருக்கிறது.

டாக்டரம்மா கொடுத்த மாத்திரை வறட்டு இருமலைக் கொண்டுவந்துவிட்டது. கடைக்காரனிடம் ஒரு கேள்வி கேட்பதற்குள் மூன்று தடவை இருமுகிறேன், அவன் தண்ணீர் எடுக்கப் போய்விடுகிறான். நீ சொன்ன பிறகு அதை நிறுத்திவிட்டேன். இருபதாம் தேதி அவரைப் பார்க்க வேண்டும். அந்த வாரம் மொத்தச் சந்தைக்கும் முத்திரை வைக்கும் வேலை, அதனால் அதையும் தள்ளிப்போட்டாயிற்று. ஜூலையில் பார்த்துக்கொள்ளலாம்.

தொழில் புத்தி, ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடைத் தராசைச் சோதிக்க நாங்கள் பையில் எடைக்கற்கள் கொண்டுபோவோம் அல்லவா, அந்தக் கற்களையும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேல் அலுவலகத்துக்கு அனுப்பி எடைபோட்டு வாங்குவோம். தேய்ந்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். நீங்கள் ஒப்பிட வைத்திருக்கும் அந்த ஆரோக்கியமான ஆளை யார் சோதிக்கிறார்கள்?

உன் வீட்டுக்காரியிடம், அடுத்த முறை சாப்பிடுகிறேன் என்று சொல்.

அக்கா


ஏப்ரல் 11

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே வெயில் அதிகம். மெஷினில் விளக்கு போய்விட்டது, புது விளக்கு வர நான்கு நாள் ஆனது. வந்த விளக்கு பொருந்தவில்லை, மறுபடி திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

அந்த ஆள் எங்கள் ஊழியர்களில் ஒருவர்தான்.

மாத்திரையை நிறுத்தியது சரியில்லை என்று தோன்றுகிறது. இருமல் தராத இன்னொரு வகை உண்டு, கேட்டால் கொடுப்பார்கள். டாக்டரம்மாவைப் பார்ப்பதையும் தள்ளிப்போட வேண்டாம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 19

சின்னவனுக்கு,

உன் கடிதத்தில் பாதி மெஷின் விளக்கைப் பற்றி இருக்கிறது. நான் விளக்கைப் பற்றி விசாரிக்கவே இல்லையே.

போன மாதம் கவலைப்பட ஒன்றும் இல்லை என்று எழுதியவன், இந்த மாதம் மாத்திரையை நிறுத்தாதே, டாக்டரைப் பார் என்கிறாய். நடுவில் என்ன நடந்தது? முப்பது வருடமாகக் கடைக்காரர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தராசில் கோளாறு இருக்கிறவன்தான் முதலில் வெயிலைப் பற்றிப் பேசுவான்.

கூட்டாமல் குறைக்காமல் என்று நீ எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. அந்த ஆள் யார்? அவருக்கு என்ன?

அக்கா


மே 6

அக்கா,

அந்த ஆள் நான்தான்.

ஏழு வருடத்துக்கு முன் ஆராய்ச்சி தொடங்கியபோது, வாரத்தில் இரண்டு நாள் காலையில் வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எனக்குப் புகை கிடையாது, மாத்திரை கிடையாது, ஒல்லி உடம்பு, ஏழு மணிக்கே வந்துவிடுகிறவன். நானே கையை நீட்டினேன். கூட வேலை பார்க்கும் ஓர் அம்மா எடுப்பார். பதிவேட்டில் "ஆரோக்கியமானவர்" என்று நானே எழுதுவேன். பிறகு இரண்டு பேரும் டீ குடிக்கப் போவோம்.

உன் கேள்வியைப் படித்த அன்று சிரித்தேன். மறுநாள் எதற்கும் இருக்கட்டும் என்று பழைய தாள்களை எடுத்துப் பார்த்தேன். முதல் வருடத்தில் என் கோடு முப்பத்தெட்டு, நாற்பது. நோயாளிகளுடையது எழுபது, எழுபத்தைந்து. அதற்கப்புறம் வருடா வருடம் என் கோடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருக்கிறது. சொட்டு மருந்தின் வீரியம் கூடிவிட்டது போலும் என்று ஓரத்தில் நானே குறித்து வைத்திருக்கிறேன். நோயாளிகளுக்கு ஒரு புது மாத்திரை கொடுத்து வருகிறோம். எனக்கும் அவர்களுக்கும் இடைவெளி குறையக் குறைய, மாத்திரை வேலை செய்கிறது என்று பெரிய டாக்டர் சந்தோஷப்பட்டார், நாங்களும் சந்தோஷப்பட்டோம். அவர்கள் இறங்கி வரவில்லை அக்கா. நான் ஏறிப் போயிருக்கிறேன்.

உனக்கு விளக்கைப் பற்றி எழுதும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புது விளக்கு வந்த பிறகு அந்த அம்மாவின் ரத்தத்தை அதே சொட்டு மருந்தில் ஓட்டினேன். முப்பத்தாறு. என்னுடையது எழுபது. பிறகு என் சர்க்கரையைப் பார்த்தோம். வெறும் வயிற்றில் இருநூற்றுக்கு மேல். வந்து மூன்று நான்கு வருடமாவது ஆகியிருக்கும் என்கிறார்கள். தாகம் இருந்தது, கால் விரல் மரத்துப்போனது, கண்ணாடி இரண்டு தடவை மாற்றினேன். எல்லாவற்றுக்கும் வயதைச் சொல்லிக்கொண்டேன். ஏழு வருடமாக என் ரத்தத்தை எடுத்திருக்கிறோம், ஒரு நாள்கூட அதில் சர்க்கரை பார்க்கத் தோன்றவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது என் விஷயத்தில் சரியாகப் போயிற்று.

எனக்கும் புரதம் போகிறது, நாற்பத்தாறு.

உன்னை என்னோடு வைத்து அளந்துவிட்டேன். உன் கோடு அறுபத்தொன்பது என்றால் உன் தட்டணுக்கள் சும்மா மிதக்கவில்லை, எங்கள் நோயாளிகளுடையதைப் போலத்தான் இருக்கின்றன. இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். கோடு நன்றாகவே இருந்திருந்தாலும், அதை வைத்து உன் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அது ஆராய்ச்சிக்கான சோதனை, டாக்டரம்மாவின் சோதனைக்குப் பதில் ஆகாது. இது எனக்கு அப்போதே தெரியும். நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்ற ஆசையில் எழுதாமல் விட்டேன். அதை நம்பி நீ மாத்திரையை நிறுத்தினாய்.

பெரிய டாக்டரிடம் சொன்னேன். அனுப்பத் தயாராக இருந்த கட்டுரையை எடுத்து இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.  பிறகு, "ஏழு வருஷமா உங்க கையைத்தான் பார்த்திருக்கோம், உங்களைப் பார்க்கல" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இப்போது பழைய கணக்குகளையெல்லாம் எடுத்து, என்னோடு ஒப்பிட்டதை நீக்கிக்கொண்டிருக்கிறோம்.

என் சர்க்கரை தெரிந்தது ஏப்ரல் 24. இன்று மே 6. பன்னிரண்டு நாள் உனக்கு எழுதாமல் இருந்தேன். இவளிடம் இன்னும் சொல்லவில்லை.

தயவுசெய்து நாளைக்கே டாக்டரம்மாவைப் போய்ப் பார். அதற்கப்புறம் என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி.

தம்பி


மே 16

சின்னவனுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாமாவிடம் நீட்டினேன். மாமா தாமாகவே அலமாரியைக் கலைத்து, மறுபடி அடுக்கி, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் அழுதேன். பயத்தில் அழுதேன், உன் மேல் கோபத்திலும் அழுதேன். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது தெளிந்து எழுதுகிறேன். அப்பா விஷயத்தில் நீ தெரிந்தே மறைத்தாய். இந்தத் தடவை தெரியாமல் தவறினாய். தெரிந்த பிறகு பன்னிரண்டு நாள் மறைத்தாய். என் கோபம் அந்தப் பன்னிரண்டு நாளுக்கு மட்டும்தான், அதற்கு மேல் வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று சொல்கிறேன். இதை மாமாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்த நான்காம் வருடம், ஒரே தெருவில் பதினோரு கடைத் தராசின் முத்திரையைப் பறித்தேன். என் ஒரு கிலோ கல்லை வைத்தால் எல்லாத் தராசும் ஒரு கிலோவுக்கு மேல் காட்டியது. தெருவே திருட்டுத் தெரு என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது கடையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று, "பதினோரு பேரும் சேர்ந்தாம்மா திருடுவோம்? உங்க கல்லைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினேன். அடியில் இருந்த குழியில் தார் ஒட்டிக் கெட்டியாகியிருந்தது. எப்போது ஒட்டியது என்று எனக்குத் தெரியவே தெரியாது. மறுநாள் பதினோரு கடைக்கும் ஏறி, தவறு என்னுடையது என்று சொல்லி முத்திரையைத் திரும்ப வைத்தேன். ஒருவரும் என்னைத் திட்டவில்லை. உன் டாக்டர் திட்டாமல் விட்டது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

டாக்டரம்மாவைப் பார்த்தேன். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது என்று அவரும் திட்டினார், இருமல் வராத மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார். ரத்தமும் சிறுநீரும் கொடுத்தேன். அவர் விடுப்பில் போகிறார், ஜூன் முதல் தேதிதான் வருவார். பரிசோதனைக்கூடத்தில் முடிவைக் கேட்டேன், உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நாள் மேசை மேலேயே இருந்தது. மாமா பிரிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த உறையை இதோடு வைத்திருக்கிறேன். நான் பிரிக்கவில்லை. ஈய முத்திரை வைக்க ஆசைதான், பசை போதும் என்று விட்டுவிட்டேன். நீ பிரித்துப் படித்து எனக்கு எழுது. ஆனால் ஒன்று, உன் வீட்டுக்காரியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு பிரி. முதலில் உன் எண்ணை அவளிடம் சொல், அப்புறம் என் எண்ணைப் படி. அவளிடம் மறைத்துக்கொண்டே என்னிடம் மட்டும் உண்மை பேசுவதாக இருந்தால், அந்த உண்மை எனக்கு வேண்டாம்.

அக்கா


மே 24

இருநூற்றுப் பன்னிரண்டு.

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் விசாரிப்பதற்கு முன் எண்ணை எழுதிவிட்டேன். ஜனவரியில் எண்பத்து நான்கு, இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. கூடியிருக்கிறது, நன்றாகவே கூடியிருக்கிறது. முந்நூற்றைத் தாண்டினால் அடுத்த கட்டம் என்பார்கள். சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் வேகம் ஒரு நிமிடத்துக்கு அறுபத்து நான்கு மில்லி, அதுவும் முன்பைவிடக் கொஞ்சம் குறைவு. மாத்திரையை நிறுத்தியதால் எவ்வளவு கூடியது, நோயால் எவ்வளவு கூடியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. புது மாத்திரையில் இறங்கலாம், நிறையப் பேருக்கு இறங்கிப் பார்த்திருக்கிறேன். உனக்கு இறங்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது அக்கா, உன்னை நினைத்து.

இவளிடம் சொல்லிவிட்டேன், நீ சொன்ன வரிசையில்தான். முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணி சொல்லாம இருந்தா எனக்குச் சொல்லியிருக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பொய் சொல்லியிருந்தால் அன்றைக்குச் சாப்பாடாவது கிடைத்திருக்கும்.  மூன்றாம் நாள் காலை நான் நடக்கக் கிளம்பியபோது அவளும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். பத்தடி முன்னால் நடக்கிறாள். நேற்று ஐந்தடி.

எனக்கும் மாத்திரை தொடங்கியாயிற்று. ஆய்வகத்தில் இப்போது ஒருவர் இல்லை, ஆறு பேர் ரத்தம் கொடுக்கிறார்கள், ஆறு பேருக்கும் முதலில் சர்க்கரை பார்க்கிறோம். என் பெயரை நோயாளிகள் பட்டியலில் நானே எழுதினேன்.

உன் தாளைத் தனி உறையில் போட்டு ஒட்டித் திருப்பி அனுப்புகிறேன். நான் எழுதியதையும் அதையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். டாக்டரம்மாவிடம் மறக்காமல் கொண்டுபோ.

உன் தம்பி


ஜூன் 2

சின்னவனுக்கு,

வரும் பதினான்காம் தேதி நானும் மாமாவும் வருகிறோம், வீட்டுக்குத்தான். உன் வீட்டுக்காரியிடம் உப்பைக் குறைத்துச் சமைக்கச் சொல், எனக்காக இல்லை என்றாலும் உனக்காக. அவளிடம் எனக்குத் தனியாகப் பேச வேண்டியதும் இருக்கிறது. நீ அப்போது எங்காவது நடக்கப் போய்விடு.

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்று தெரிந்துகொண்டு நடந்ததாலோ என்னவோ, எங்கும் நிற்காமல் படியேறிவிட்டேன். ஐந்தாறு நாளாக அந்த எண்ணோடு இருந்து பழகிவிட்டேன். இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஆகஸ்டில் மறுபடி பார்க்க வேண்டும், தள்ளிப்போட மாட்டேன்.

உள்ளே போய் உட்கார்ந்ததும், எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன். உறையை நீட்டினேன். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஒட்டினது ஒட்டினபடி இருக்கே, நீங்க பிரிச்சுக்கூடப் பார்க்கலையே, எப்படித் தெரியும்?" என்றார்.

"தம்பி சொன்னான்" என்றேன்.

அக்கா